பூட்ஸ் கிளப்பில் வெறுங்கால்

விருதுநகரில் அப்போது பணக்காரர்களுக்கென்று ஒரு கிளப் இருந்தது. அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் உண்டு. ஊர் வைத்த பெயர் பூட்ஸ் கிளப். மாடியில் மேசை விருந்து: சூப்பு, கட்லெட், புட்டிங். பூட்ஸ் போடாத கால் அந்த மாடிப்படியைத் தொடக்கூடாது. தெரியாமல் வந்த விருந்தாளிக்கு இரவல் கொடுக்க வாசலில் ஓர் அலமாரி நிறைய பூட்ஸ் இருந்தது. அதுவும் வேண்டாம் என்றால் பின்கட்டில் தகரக் கொட்டகை. டிரைவர்களோடு உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிடலாம்.

விஸ்வநத்தம் சண்முகத்தாய்க்கு அந்தச் சாதம்தான் கிடைத்தது.

அவள் ரத்தினசாமி முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் வாசல் கண்காணி. செருப்பு, தீப்பெட்டி, பெல்ட், பித்தளைப் பொத்தான் எதுவும் அவளைத் தாண்டி உள்ளே போகாது. ஓர் ஆணி கல்லில் உரசினால் போதும், மருந்து அறையே வானத்துக்குப் போய்விடும். மடியில் தீப்பெட்டியோடு வந்த முதலாளியையே ஒருமுறை திருப்பி அனுப்பியவள். சாத்தூர் ரோட்டில் எவனாவது பீடி பற்றவைத்தால் இவள் விஸ்வநத்தத்தில் தும்முவாள். அவள் காவலில் அங்கே ஒரு பொறி பறந்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான், சீன யுத்தத்துக்கு முந்தின வருஷம், முதலாளி அவளைக் கிளப் விருந்துக்கு அழைத்துப் போனார்.

வாசலில் காரியதரிசி கனகசபாபதி நின்றார். மெழுகு தேய்த்த மீசை. அவர் பூட்ஸில் முகம் பார்த்து ஒரு காக்கை தலைவாரிக்கொண்டு போனதாகப் பேச்சு.

"இரவல் பூட்ஸ் இருக்கு, மாட்டிக்கிட்டு மேல போ. இல்லேன்னா பின்னால போ. சட்டம்னா சட்டம்."

"இந்த வெறுங்காலாலதான்யா அங்கன அம்புட்டுப் பேரும் உசுரோட இருக்காக. இதை மறைச்சுக்கிட்டு எனக்கு எதுக்குச் சோறு?"

முதலாளி கெஞ்சியும் மனிதர் அசையவில்லை. கடைசியில் முதலாளியும் அவளோடு கொட்டகையிலேயே உட்கார்ந்துவிட்டார். கை கழுவும்போது அவள் மாடியை அண்ணாந்து பார்த்தாள்.

"அந்த மேசையில, இதே காலோட, ஒருநா சாப்பிடத்தான் போறேன் முதலாளி. பாத்துக்கிட்டே இருங்க."

மறுவருஷம் கிளப்புக்கு வெள்ளிவிழா வந்தது. வாணவேடிக்கை ஆர்டர் ரத்தினசாமிக்கு. சரக்கைப் பார்க்கக் கமிட்டியே கம்பெனிக்குக் கிளம்பி வந்தது. மத்தியானச் சாப்பாடும் அங்கேதான். வெளியே தோட்டத்தில் சமைத்த வெள்ளாட்டுக்கறிக் குழம்பு அண்டாவோடு உள்ளே வேப்பமரத்தடிக்குப் போயிற்று. வாசனையை மோந்தபடி வாசலுக்கு வந்த கனகசபாபதியைச் சண்முகத்தாய் மறித்தாள்.

"பூட்ஸ், கோட்டு, பெல்ட்டு எல்லாத்தையும் கழட்டிட்டு வாங்கய்யா."

"நான் யாருன்னு தெரியுதா?"

"தெரியாமலா? அன்னைக்கு என்னைய மாடியேற விடலையே, அவுகதான."

"விருந்தாளிகிட்ட இப்படியா?"

"சட்டம்னா சட்டம்யா. இல்லேன்னா வெளிய உக்காருங்க. பழைய கஞ்சி இருக்கு, தொட்டுக்கிட வெங்காயம் தாரேன்."

மற்றவர்கள் அதற்குள் வெறுங்காலோடு இலையில் உட்கார்ந்திருந்தார்கள். கனகசபாபதி பூட்ஸைக் கழற்றினார். பித்தளைப் பொத்தான் கோட்டைக் கழற்றினார். பெல்ட்டை உருவினாரோ இல்லையோ, கால்சட்டை இடுப்பில் நிற்க மாட்டேன் என்றது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டார்.

"ரெண்டு கையும் அங்கனயே இருந்தா சோத்தை எதுல அள்ளுவீக?" சண்முகத்தாய் உள்ளே போய் வெளுத்த வேட்டி ஒன்றை எடுத்து வந்தாள். "இங்கனயும் இரவல் உண்டுய்யா."

அன்று அவர் சாப்பிட்ட சாப்பாட்டில் வேப்பமரம் ஒரு சாண் சாய்ந்துவிட்டது என்பார்கள். நான் பார்த்தபோது இரண்டு சாண் சாய்ந்திருந்தது. புறப்படும்போதும் அவர் வேட்டியை மாற்றவில்லை. கால்சட்டையைக் கக்கத்தில் இடுக்கியபடி வாசலில் நின்றார்.

"வெள்ளிவிழா விருந்துக்கு நீங்க மாடிக்கு வரணும்."

"எந்தக் காலோடய்யா?"

"இந்தக் காலோடதான்."

விழா அன்று கிளப் பியூன் பழக்கதோஷத்தில் அலமாரியைத் திறந்து ஒரு ஜோடி பூட்ஸை அவள் முன்னால் வைத்தான்.

"ஏலே, அதை உள்ள வையிலே!" மாடியிலிருந்து சத்தம் வந்தது. கனகசபாபதி படியிறங்கி வந்தார், அதே வேட்டியோடு, வெறுங்காலோடு. "வாங்கம்மா."

அவள் முன்னே ஏறினாள், அவர் பின்னே ஏறினார். நடு மேசையில் அவளை உட்காரவைத்ததும், சுற்றியிருந்த மேசைகளுக்கு அடியில் பூட்ஸ்கள் ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் கழன்றன. சண்முகத்தாய் காலை நன்றாக நீட்டிக்கொண்டாள். கத்தியையும் முள்கரண்டியையும் ஒதுக்கிவிட்டுக் கட்லெட்டைக் கையால் பிட்டு வாயில் போட்டாள்.

"காரமே காணோமேய்யா. சோறு இருந்தா கொண்டாந்து போடுங்க."

பரிமாறுகிறவன் திகைத்துப்போய்க் காரியதரிசியைப் பார்த்தான்.

"என்னலே பார்க்கிறே? எனக்கும் சேர்த்துக் கொண்டா," என்றார் கனகசபாபதி.