தொல்லை இல்லாத பிள்ளை

போன வாரம் நோர்வூட் பக்கம் போயிருந்தேன். என் தங்கை மகள் தர்ஷினி அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கொழுந்து பறிக்கிறாள். கணவனுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. வீட்டில் அவளும் மாமனாரும், ஒரு வயதைத் தாண்டிய மகன் கவினும்தான்.

நான் போன நேரம் அவள் மலையிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். இருவருமாகப் பிள்ளைக்காம்பராவுக்குப் போனோம். வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன் – அம்மாமார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடத்துக்குத் தோட்டத்தில் அதுதான் பெயர்.

வாசலில் தாய்மாரின் தலை தெரிந்ததும் உள்ளே ஒரே கூச்சல். தவழுகிறவை தவழ்ந்து, நடக்கிறவை விழுந்தெழுந்து... ஆளாளுக்கு அம்மாவின் மேல் தொற்றிக்கொண்டன. கவின் மட்டும் மூலையில் உட்கார்ந்து பால்மா டின் மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். தர்ஷினி கூப்பிட்டாள். இன்னொரு தரம் கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

“தங்கமான புள்ள இவன். விட்டுட்டுப் போனாலும் அழுகாது, வந்தாலும் அழுகாது. ஒரு தொல்ல இல்ல” என்றார் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. இடுப்பில் வீறிட்டுக்கொண்டிருந்த மகளைச் சமாளிக்க முடியாத இன்னொரு தாய், அந்த மருந்தை எங்களுக்கும் சொல்லேன் என்று தர்ஷினியைக் கேலி செய்தாள்.

எல்லாரும் சிரித்தார்கள். தர்ஷினியும் சிரித்தாள்... சிரித்த மாதிரி.

அவர்களைக் குறை சொல்ல முடியுமா? காலையில் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்தில் நேரத்துக்குப் போய் நிற்க வேண்டும். பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதால் தாய்க்குப் பாதி உயிர் அங்கேயே போய்விடும். அதனால் தோட்டத்தில் அழாத பிள்ளைக்கு மவுசு அதிகம். கண்ணேறு படும் என்று பொட்டு வைக்காத குறைதான்.

தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போகும் வழியில்தான் அவள் வாயைத் திறந்தாள்.

“பெரியம்மா, அவன் என்னையத் தேடவே மாட்டேங்கிறான். எல்லாரும் நல்ல புள்ளைங்கிறாங்க. எனக்குப் பயமா இருக்கு.”

சிரித்தால் திரும்பிச் சிரிப்பதில்லையாம். எதையும் கை நீட்டிக் காட்டுவதில்லையாம். போனில் தேடியிருக்கிறாள். போன் சும்மா இருக்குமா? ஒரு வீடியோ பார்த்தால் பத்து வீடியோவைக் கொண்டுவந்து கொட்டுகிறது. ஒன்று எல்லாம் சரியாகிவிடும் என்கிறது. அடுத்தது எல்லாம் முடிந்தது என்கிறது. ஓட்டிசம் (autism) என்ற சொல்லைச் சொல்லும்போது அவளுடைய குரல் தானாகத் தணிந்தது.

மிட்வைஃபிடம் சொல்லியிருக்கிறாள். டவுன் ஆஸ்பத்திரியில் குழந்தை டாக்டரிடம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். குறுக்கே நின்றவர் மாமனார்.

நல்ல மனிதர். பேரன் என்றால் உயிர். கூரைத் தகரத்தில் மழை விழுந்தால் திரும்பிப் பார்க்கிறானே, அப்புறம் என்ன என்று என்னிடம் வாதாடினார். அவனுடைய அப்பாவும் மெதுவாகத்தான் பேசினான் என்றார். கடைசியில்தான் உண்மையான காரணம் வந்தது.

“ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனா, திரும்பி வாறதுக்குள்ள லயத்துல பட்டப்பேரு வச்சிருவாங்கம்மா. அது சாகுற வரைக்கும் போகாது.”

அதுவும் பொய்யில்லை. லயத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆள் யார்? இவருடைய சொந்தப் பெயரே பாதிப் பேருக்குத் தெரியாது. சின்ன வயதில் ஒரு தடவை காய்ச்சலில் பிதற்றியதற்கு வைத்த பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறார். அவருக்குத் தெரியாதா அந்த வலி?

தர்ஷினி யாரோடும் வாதாடவில்லை. மறுநாள் காலையில் பிள்ளைக்குத் தொப்பி போட்டாள், துண்டைச் சுற்றினாள், கிளம்பிவிட்டாள். நானும் பின்னாலேயே போய் பஸ்ஸில் ஏறினேன்.

டாக்டர் ஓர் இளம் சிங்களப் பெண். அரைகுறைத் தமிழ் அவருக்கு, சந்தைச் சிங்களம் எனக்கு. இரண்டையும் கட்டி இழுத்தோம். அவர் தரையில் பாயைப் போட்டுக் கவினுக்கு எதிரே உட்கார்ந்தார். அவன் கையிலிருந்த விளையாட்டுச் சாமானைத் தன் உள்ளங்கையால் மூடினார். அவன் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாக விலக்கப் பார்த்தான். டாக்டர் நெடுநேரம் விளையாடிவிட்டுத்தான் பேசினார்.

ஒரு தடவை பார்த்து முடிவு சொல்ல முடியாது. முதலில் காதைச் சோதிக்க வேண்டும். ஓட்டிசமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அதற்காகக் கைகட்டிக் காத்திருக்கவும் கூடாது. அவனோடு தரையில் உட்காருங்கள். முகத்துக்கு நேரே முகம் வைத்துப் பேசுங்கள். அவன் செய்வதை நீங்களும் செய்யுங்கள். திரும்பவும் கூட்டிக்கொண்டு வாருங்கள். இவ்வளவுதான்.

எழுந்திருக்கும்போது தர்ஷினி கேட்டாள். அத்தனை நாளும் அவளைத் தின்றுகொண்டிருந்தது அந்த வீடியோக்கள் இல்லை, இந்தக் கேள்விதான்.

“நான் அவன விட்டுட்டுக் கொழுந்துக்குப் போனதுனாலயா மிஸ்?”

நான் சிங்களத்தில் சொல்ல வாயெடுப்பதற்குள் டாக்டருக்குப் புரிந்துவிட்டது. தர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டார். “இல்ல நங்கி... தங்கச்சி. அம்மா வேலைக்குப் போறதால இது வராது.” அங்கேயே அவள் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அப்படி ஒரு பாரத்தை அந்தப் பெண் கூடையோடு சேர்த்து எத்தனை நாள் மலையில் சுமந்தாளோ!

நாங்கள் திரும்பி வரும்போது மாமனார் ரோட்டு முடக்கிலேயே காத்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, என்ன சொன்னார்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

“இன்னும் ஒண்ணும் முடிவா சொல்லல மாமா. அவனோட தரையில உக்காந்து விளையாடச் சொன்னாங்க. நான் மலைக்குப் போயிட்டு வந்து விளையாடுவேன். நான் அடுப்படியில நிக்கிற நேரம் நீங்கதான் உக்காரணும்.”

முழங்கால் வலி பற்றி ஏதோ முனகினார். வீட்டுக்குள் போனதும் சுவரைப் பிடித்துக்கொண்டு கவினுக்கு எதிரே சிமெந்துத் தரையில் உட்கார்ந்தார். பேரன் அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவர் எழுந்திருக்கவும் இல்லை.

கவினுக்கு என்ன என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கே இன்னும் தெரியாது. ஆனால் உங்கள் வீட்டில் ஒருத்தி பிள்ளையை நினைத்துப் பயமாக இருக்கிறது என்று சொன்னால், சும்மா பயப்படாதே என்று அவள் வாயை அடைத்துவிடாதீர்கள்.

பயந்தவள்தான் பஸ் ஏறினாள்.