மேசையைத் தூக்கிய சித்தி

என் சித்தியைச் சுருட்டு ஆலையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'தும்மல்' என்றால்தான் தெரியும். வேலைக்குச் சேர்ந்த அன்று காலையில் ஆரம்பித்த தும்மல் சாயங்காலச் சங்கு ஊதும்வரை நிற்கவில்லையாம். கூடத்துக்குப் பொறுப்பாக இருந்த மேஸ்திரியம்மா, "நாளைக்கு நீ வரமாட்டே" என்று சிரித்தாள்.

"வருவேன். தும்முறது மூக்குதானே, வேலை செய்யப்போறது கைதானே" என்றாள் சித்தி. மறுநாள் முதல் ஆளாக வாசலில் நின்றாள்.

சித்தியின் மாமனார் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிய ஆலை அது. நீளமான செங்கல் கட்டடம். அதில் இலைக் கூடத்தில் பெண்கள் மேசைக்கு நாலு பேராக உட்கார்ந்து, பதப்படுத்திய புகையிலையின் நடு நரம்பை உரித்தெடுப்பார்கள். உரித்த இலை பக்கத்துக் கூடத்துக்குப் போய்ச் சுருட்டாகும். காற்றுப் பட்டால் இலை காய்ந்துவிடும், காய்ந்த இலை சுருட்டும்போது உடைந்துவிடும் என்று எந்தக் காலத்திலோ சன்னல்களுக்கெல்லாம் ஆணி அடித்துவிட்டார்கள். தூசி உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தது. கண்ணாடி வழியாக வெயில் விழுகிற இடத்தில் அது பழுப்பாக மிதப்பது தெரியும். எல்லாருக்கும் இருமல். அதுவும் வேலையோடு சேர்த்தி என்று இருந்துவிட்டார்கள்.

ஒரு கோடைக்காலம். சித்தியின் மேசையில் அவளுக்கு எதிரே உட்காருகிறவள் மாசமாக இருந்தாள், சித்தியின் உயிர்த்தோழி. வேலை பார்த்துக்கொண்டே இருந்தவள் அப்படியே மேசைமேல் சாய்ந்துவிட்டாள். பெண்கள் அவளைத் தூக்கிக்கொண்டு போய் வெளி முற்றத்து மரத்தடியில் கிடத்தினார்கள். காற்றுப் பட்டதும் கண் திறந்தாள். "என்னடி, எல்லாரும் வேலையை விட்டுட்டு என்னை வேடிக்கை பாக்கறீங்க" என்றாள்.

எல்லாரும் சிரித்துவிட்டு உள்ளே போனார்கள். சித்தி உட்காரவில்லை. மேசையின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்கடி" என்றாள்.

"எங்கே கொண்டுபோறே?"

"மரத்தடிக்கு. வேலைதானே செய்யணும், அங்கே உக்காந்து செய்வோம்."

ஒரு மேசை போனது. பின்னாலேயே இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் கூடமே காலி. புகையிலைச் சிப்பம் இறக்கும் கிடங்கில் வேலை பார்த்த சித்தப்பா செய்தி கேட்டு ஓடிவந்தார். "உனக்குப் பைத்தியமா? ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

"போனா ரெண்டு பேரும் சேந்து வேற வேலை தேடுவோம். இப்ப தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கறீங்க."

மேனேஜர் வந்தார். "யாரைக் கேட்டு வெளியே வந்தீங்க?"

"மூக்கைக் கேட்டு வந்தோம் சார்" என்றாள் சித்தி. அவர் பின்னால் நின்ற மேஸ்திரியம்மாவே சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மேனேஜரும் லேசுப்பட்டவர் இல்லை. சத்தம் போடாமல் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். உச்சி வெயில் ஏறியது. மேசையில் இருந்த இலைகள் சருகாக மொறமொறத்தன. அவர் ஒன்றை எடுத்துக் கசக்கி, பொடியைச் சித்தியிடம் காட்டினார். "இப்ப என்ன சொல்றே?"

சித்தி பொடியைப் பார்த்தாள். "இலை விஷயத்துல நீங்க சொல்றது சரி சார். ஆள் விஷயத்துல நாங்க சொல்றது சரி. ரெண்டுக்கும் ஒரு வழி பண்ணுங்க."

அவர் யோசித்தார். கிடங்கில் பழைய சாக்குகள் மலையாகக் கிடந்தன. சன்னலைத் திறந்து, நனைத்த சாக்கைக் கட்டித் தொங்கவிடலாம் என்றார். "ஆணியைப் பிடுங்கச் சொல்றேன். சாக்கை ஈரமா வெச்சுக்கறது உன் பொறுப்பு. இலை காஞ்சுதுன்னா திரும்ப ஆணிதான்."

"காயாது" என்றாள் சித்தி.

காயவில்லை. தினமும் எல்லாருக்கும் முன்னால் போய் வாளியும் கையுமாக நின்றாள். வேலை போகும் என்று பயந்த சித்தப்பாவே குழாயடியிலிருந்து தண்ணீர் தூக்கிக் கொடுத்தார்.

பிறகு பெரிய முதலாளியின் மகன் பொறுப்புக்கு வந்தார். நரம்பு உரிக்க இயந்திரம் இறங்கியது. அதை மாட்ட வந்த ஆள், பெண்கள் கிட்டே வந்தால் கை போய்விடும் என்றான். "என் கையை நான் பாத்துக்கறேன், நீ சுவிட்ச் எதுன்னு காட்டு" என்றாள் சித்தி. கற்றுக்கொண்டாள், மற்றவர்களுக்கும் கற்றுக்கொடுத்தாள். ஆனால் எல்லாருக்கும் அங்கே இடமில்லை. வேலை போனவர்களில் அந்த உயிர்த்தோழியும் ஒருத்தி. "மெஷினோட சேந்துக்கிட்டே இல்ல?" என்று கேட்டவள், அதற்கப்புறம் தெருவில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஊருக்கே சுருட்டு செய்தவள் வீட்டில் யாரையும் ஒன்று பற்றவைக்க விட்டதில்லை. நான் ஒருமுறை கேட்டே விட்டேன்: "நல்லதில்லன்னு தெரிஞ்சும் செய்யறியே சித்தி?"

"நல்ல சரக்குன்னு நான் என்னைக்குமே சொன்னதில்ல. நல்லா செஞ்ச சரக்குன்னு சொல்லுவேன். அதுக்குமேல வாங்கறவன்கிட்ட போய்க் கேளு."

ஓய்வு பெற்றபிறகு அவளால் வீட்டில் உட்கார முடியவில்லை. ஆலையில் இளம் தாய்மார்கள் நிறையப் பேர் வேலைக்கு வந்திருந்தார்கள். பிள்ளைகளை விட இடமில்லாமல் தவித்தார்கள். ஆலை வாசலுக்கு எதிரே மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. சித்தி அதை வாடகைக்குப் பிடித்துவிட்டு, நேராகத் தோழியின் வீட்டுக்குப் போனாள்.

"என்கூடப் பேச வேண்டாம். இருபது பிள்ளைங்க வரப்போகுது, எனக்குத் தூங்கவைக்கத் தெரியாது. கிளம்பு."

"உனக்கு எதுதான் தெரிஞ்சுது" என்று தோழி செருப்பை மாட்டினாள்.

போன வாரம் நான் போயிருந்தபோது பிள்ளைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தன. பாயை எந்தப் பக்கம் விரிப்பது என்று இருவரும் தணிந்த குரலில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எதிரே சங்கு ஊதியது. படியேறி வரும் தாய்மார்களின் சத்தம் கேட்டதும் சித்தி எழுந்து, யாருடைய பை எது என்று எடுத்துவைக்கத் தொடங்கினாள்.