கேமராவுக்குப் பிணையிருந்த பிற்பகல்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு எல்லாம் கோணலாகத் தொடங்கியது. அந்தக் கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லாததால் நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது. மூன்று மணிக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிப் போன என் மகள் வரவில்லை. அவள் கையில், இன்னும் விலை கொடுக்காத ஒரு கேமரா. அந்தக் கேமராவுக்குப் பிணையாக, சிராங்கூன் சாலையை ஒட்டிய சந்தில், பழைய கேமராக்கள் விற்கும் கடையின் மடக்கு நாற்காலியில் நான்.

எண்பதுகளின் தொடக்கம் அது. அவளுக்குப் பத்தொன்பது வயது. புகைப்பட மாலை வகுப்பு ஒன்றில் இடம் கிடைத்திருந்தது, திங்கட்கிழமை தொடக்கம். எல்லாவற்றையும் தானே செய்துகொள்கிற கேமரா உதவாது, வேகத்தையும் வெளிச்சத்தையும் கையால் திருப்பி வைக்கிற கேமராதான் வேண்டும், அதுவும் சொந்தமாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் இருந்தது நானூறு வெள்ளி. அதற்குள் பாடி, லென்ஸ், பிளாஷ், ஸ்டாண்டு, பை எல்லாம் அடங்க வேண்டும்.

மூன்று சனிக்கிழமைகள் கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடையில் அரை மணி நேரம் பேரம் பேசி, விலை படிந்து, நான் பணத்தில் கை வைத்த பிறகு, இது பாடியின் விலை மட்டும், லென்ஸ் தனி என்றார்கள். லென்ஸ் இல்லாத கேமராவை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கேட்டேன். சிரித்தார்கள். இன்னொரு கடையில் பை இலவசம், லென்ஸ் பில்டர் இலவசம், துடைக்கிற துணி இலவசம். கேமராவின் விலை மட்டும் பக்கத்துக் கடையைவிட எண்பது வெள்ளி கூடுதல். மகளோ ஒவ்வொரு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாலும் வேறொரு பாடியின் மேல் ஆசைப்பட்டாள். காலையில் உறுதியாகச் சொன்னது மதியம் மாறிவிடும். "அதுல மீட்டர் சரியில்லப்பா" என்பாள். மீட்டர் என்றால் என்ன என்று கேட்டால், வீடு வந்து சேரும்வரை விளக்குவாள்.

கடைசியில், புதியது நம் கைக்கு எட்டாது என்று முடிவானது. சந்தில் இருந்த இந்தப் பாயின் கடையில் பழைய பாடி ஒன்று, ஐம்பது எம்எம் லென்ஸோடு இருநூற்றைம்பது வெள்ளிக்குக் கிடைத்தது. மிச்சப் பணத்தில் மற்றவற்றையும் வாங்கிவிடலாம். அப்போதே வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நான் துறைமுகத்துப் பட்டறை ஒன்றின் சாமான் கிடங்கில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்ப்பவன். வந்து இறங்குகிற எதையும் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை.

"படம் எடுத்துப் பாக்காம எப்படி பாய் வாங்குறது?"

"எடுத்துப் பாருங்கண்ணே, யாரு வேணாம்னா. ஒரு பிலிம் ரோல் போட்டுத் தரேன். ஆனா கேமரா வெளிய போனா ஆளு உள்ள இருக்கணும்."

"எந்த ஆளு?"

"வந்தது ரெண்டு பேரு. ஒருத்தர் எடுக்கணும், ஒருத்தர் இருக்கணும்."

மகள் கேமராவை அதற்குள் தோளில் மாட்டியிருந்தாள். "நீங்க உக்காருங்கப்பா. தேக்கா மார்க்கெட்டுல எடுத்துட்டு, அங்கயே ஒன் அவர் போட்டோ கடையில கழுவி வாங்கிட்டு வந்துடுறேன். மூணு மணிக்குள்ள வந்துடுவேன் லா." அப்போது மணி ஒன்று.

மூன்று பத்துக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்றரைக்கு நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன். பாய் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணுக்குக் கேமரா புடிச்சுப் போச்சு போல. உங்கள எனக்குக் குடுத்துட்டுப் போயிருச்சு." அவர் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

அவருடைய தொலைபேசியில் வீட்டுக்கு அழைத்தேன். மகள் அங்கே வந்திருக்கவில்லை.

"எங்க போனா?" என்றாள் என் மனைவி.

"தெரியல."

"தெரியாம நீங்க அங்க என்ன பண்றீங்க?"

"கேமராவுக்குப் பிணையா உக்காந்திருக்கேன்."

"புள்ளைய ரோட்டுல விட்டுட்டு கேமராவுக்கு நீங்க காவலாங்க?" என்றாள். விளக்கப் பார்த்தேன். விளக்க விளக்க எனக்கே அது அபத்தமாகத் தெரிந்தது. தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோணியாருக்கு மெழுகுத்திரி நேர்ந்துகொள்ளச் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். பத்து நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள். பிறகு நான். பிறகு மறுபடியும் அவள். சொல்வதற்கு இருவரிடமும் ஒன்றுமில்லை. ஆனாலும் வைக்க மனம் வரவில்லை.

நாலரைக்குப் பாய் தொழுகைக்காகப் பின்கட்டுக்குப் போனார். "கடையப் பாத்துக்கங்கண்ணே. நீங்கதான் எங்கயும் போக மாட்டீங்களே." அவர் உள்ளே போனதும் ஒரு மலாய்க்காரர் வந்து பிளாஷ் விலை கேட்டார். முதலாளி தொழுகிறார் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். "அப்படியென்றால் நீங்கள் யார்?" என்றார்.

அப்போதுதான் சிராங்கூன் சாலைப் பக்கம் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது.

இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். பணம் முழுவதும் என் சட்டைப்பையில் இருந்தது. இருநூற்றைம்பது வெள்ளியை எடுத்து வைத்தால் கேமரா எங்களுடையதாகிவிடும். பிணை எதற்கும் தேவையில்லை. எழுந்து போய்த் தேடலாம். இது எனக்கு மூன்றரை மணிக்கே தெரியும். ஆனால் பணம் கைமாறிவிட்டால் அந்தப் பாடி ஓட்டையோ உடைசலோ, எங்கள் தலையில்தான். படங்களைப் பார்த்துவிட்டுக் கொடுக்கலாம், இன்னும் ஐந்து நிமிடம், இன்னும் ஐந்து நிமிடம் என்று உட்கார்ந்திருந்தேன். பெற்ற மகளை ஒரு தட்டிலும் சோதிக்காத கேமராவை மற்றொரு தட்டிலும் வைத்து, ஒன்றரை மணி நேரம் தராசு பிடித்திருக்கிறேன்.

ஐந்து மணிக்குப் பாய் திரும்பி வந்ததும் பணத்தை எண்ணிக் கண்ணாடி மேசை மேல் வைத்தேன்.

"படம் வரட்டும்ணே. என்ன அவசரம்?"

"பில்லு போடுங்க பாய்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு கேலி பேசவில்லை. பில்லின் அடியில் விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. அதைப் படித்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஓடினேன்.

தேக்காவில் படம் கழுவும் கடையின் கதவைப் பாதி இறக்கியிருந்தார்கள். இயந்திரம் பழுதாம். "கேமரா வச்சிருந்த பொண்ணா? ரெண்டு மணிக்கு வந்துச்சு. மெஷின் ஓடாதுன்னு சொன்னேன், போயிருச்சு" என்றார் அங்கிருந்தவர்.

"எங்க போச்சு?"

"என்கிட்ட ஏன் சார் சொல்லப்போவுது?"

காய்கறிக் கடைகளுக்கு நடுவே நடந்தேன். மீன் பக்கம் பார்த்தேன். மேல்மாடித் துணிக்கடைகளைப் பார்த்தேன். நான்கு பேருந்து நிறுத்தங்களுக்கும் போனேன். அவளைப் போல ஊதா நிறச் சட்டை போட்ட பெண்கள் அத்தனை பேரையும் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறேன். சாலையோரம் ஒரு இடத்தில் கூட்டம் கூடியிருந்தது. ஒரு டாக்ஸி பாதி திரும்பி நின்றது. தரையில் என்ன கிடக்கிறது என்று முன்னால் நிற்பவர்களின் தோள்களுக்கு மேல் தெரியவில்லை. அந்த முதுகுகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போக எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், பத்து நொடி இருக்குமா? கவிழ்ந்த தள்ளுவண்டியும் சிதறிய வெங்காயமும்தான். வண்டிக்காரர் டாக்ஸிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். நான் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு அம்மா, "மயக்கமா தம்பி?" என்று கேட்டார். இப்போதும் சாலையில் கூட்டம் கூடியிருந்தால் நான் எதிர்ப்பக்கம் கடந்து போய்விடுகிறேன்.

வேறு எங்கே போவது என்று தெரியாமல் ஆறு மணி சுமாருக்குக் கடைக்கே திரும்பினேன். அவள் அங்கும் வரவில்லை. என் மனைவி இரண்டு முறை கூப்பிட்டதாகப் பாய் சொன்னார். சாயங்காலப் பூசைக்குப் போகாமல் தொலைபேசி பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளாம். பாய் தேநீர் வரவழைத்து என் முன்னால் வைத்தார். அது ஆறும்வரை கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போலீசுக்குச் சொல்லிடுவமா அண்ணே?"

தலையாட்டினேன். அவர் எண்ணைச் சுழற்றத் தொடங்கியபோது கதவு மணி கிணுகிணுத்தது. என் மகள் உள்ளே வந்தாள். வேர்த்திருந்தாள், முடி கலைந்திருந்தது, மற்றபடி காலையில் இருந்ததைப் போலவே முழுசாக இருந்தாள். தோளில் கேமரா, கையில் தடித்த மஞ்சள் உறை.

"போன் ஏன் எப்பப் பாத்தாலும் எங்கேஜ்டு?" என்றாள் பாயைப் பார்த்து. "மூணு தடவ போட்டேன். தேக்கால மெஷின் கெட்டுப் போச்சு, பிராஸ் பாசாவுல இருக்கற கடை வரைக்கும் போயி, அங்க ஒரே க்யூ."

நான் எழுந்து நின்றேன். அவள் அதற்குள் படங்களைக் கண்ணாடி மேல் சீட்டுக்கட்டு போலப் பரப்பிவிட்டாள். சந்தை, பூக்கடை, ஒரு பூனை. பல படங்களில் வலப்பக்கம் முழுவதும் கறுப்பாக இருந்தது.

"பாருங்க, ஸ்பீட ஆயிரத்துல வச்சா பாதிப் படம் வரல. ஐந்நூறுலயும் அதே கதைதான். ஷட்டர் போயிருச்சு. இந்தப் பாடி வேணாம்ப்பா." அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க இன்னும் காசு குடுக்கலதானே?"