மாமா திறந்த கேமரா

அம்மாவின் தம்பி, என் மாமா, போடியில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். ஸ்டுடியோ டிஜிட்டலுக்கு மாறியபோது முதலாளி பழைய ஃபிலிம் கேமராக்களைச் சாக்கில் கட்டி இரும்புக் கடையில் போடச் சொன்னார். சாக்கு இரும்புக் கடைக்குப் போகவில்லை, எங்கள் வீட்டுக்கு வந்தது. ஒன்றில் லென்ஸ் பூஞ்சை பிடித்திருந்தது. ஒன்றில் ஷட்டர் இறுகிக் கிடந்தது. ஒன்று வெறும் கூடு. இவற்றிலிருந்து தானே ஒரு கேமரா செய்யப்போவதாக மாமா அறிவித்தார். முதலில் அவருக்கு ஒரு பெண் பார்க்கலாம் என்றாள் அம்மா.

நான்கு மாதம் ஆனது. பிளைவுட்டில் பெட்டி செய்து உள்ளே கறுப்பு அடித்தார். இடுக்குகளை அடைக்க அப்பாவின் ஜீப் ட்யூபை வெட்டி ஒட்டினார். எனக்கு ஒன்பது வயது. பின்மூடியை நான் தொட்டாலே கத்துவார். "உள்ள வெளிச்சம் போச்சுன்னா எடுத்த படம் பூராம் செத்துப்போகும் ஆத்தா."

அப்பா ஓட்டியது அடுத்தவர் ஜீப். தினமும் காலையில் எங்கள் தெருப் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டுக்கு மேலே இருக்கும் ஏலத் தோட்டங்களில் இறக்கிவிடுவார். அம்மாவும் அதில்தான் காய் எடுக்கப் போவாள். எதிர்வீட்டுப் பெரியம்மாவின் மகளும், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு, அந்த வருடம்தான் போக ஆரம்பித்திருந்தாள். அவளை நான் அக்கா என்பேன்.

மழை விட்டு வெயில் தெளிந்த ஒரு காலையில் மாமா கேமராவைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். ஸ்டுடியோவில் தேதி முடிந்து ஒதுக்கிய ஒரு ரோல் உள்ளே இருந்தது. ஜீப்பில் ஆள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்ப்பா, அது போட்டோ பொட்டியா, எலிப்பொறியா?" என்றாள் ஒருத்தி.

"வாயை மூடுங்க மதினி, லென்சு தெறிச்சிரும்" என்றார் மாமா.

உள்ளே இடம் இல்லை. அப்பா திரும்பிப் பார்த்து, "ரெண்டு பேரு பின்படியில நின்னுக்கங்க. வளைவுல மெல்லத்தான் போவேன்" என்றார். அம்மாவும் அக்காவும் நின்றார்கள். டிரைவர் பொண்டாட்டி உட்கார்ந்து வருகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே அம்மா எப்போதும் படியில்தான் நிற்பாள்.

யார் தலையாவது மறைகிறதா என்று பார்க்க மாமா என்னை விட்டார். கண்ணாடி வழியாக எண்ணினேன். பத்தொன்பது பேர். அக்கா பல் தெரியச் சிரித்தாள். "வெரசா எடுடா, சோலி கெடக்கு" என்றாள் அம்மா. ஷட்டர் சொடக்குப் போட்டது போல் சத்தமிட்டது. ஜீப் கிளம்பியது.

மூன்றாவது பீரியடில் மாமா பள்ளிக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனார். மலையடிவாரத்து முந்தலுக்கு மேல் ஒரு வளைவில் ஜீப் பாறையில் மோதிச் சாய்ந்திருந்தது. உள்ளே இருந்தவர்களுக்குக் கையும் காலும் முறிந்தன. அப்பாவுக்குத் தொடை எலும்பு. படியில் நின்றவர்கள் இருவரும் பள்ளத்தில் விழுந்து இறந்துபோனார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் போலீஸ் வந்தது. ஜீப்பில் பன்னிரண்டு பேர்தான் என்று தெரு சொன்னது. படியில் யாரும் நிற்கவில்லை, ஓரத்து மண் சரிந்துவிட்டது என்றது. கட்டுப் போட்டுக் கிடந்தவர்களும் அதையே சொன்னார்கள். இப்படிச் சொல்லலாம் என்று முதலில் யார் சொன்னார்கள் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. போகும்போது ஒரு போலீஸ்காரர் மாமாவிடம் நின்றார். "அன்னைக்கிக் காலையில போட்டோ எடுத்தியாம்ல. கழுவி நாளைக்கு ஸ்டேஷனுக்குக் கொண்டா."

பெரியம்மாவும் அன்று இரண்டு தடவை வந்து அதையே கேட்டாள். "தம்பி, கழுவிட்டியா? எம்மக சிரிச்சான்னு சொன்னியேப்பா." அவள் வீட்டில் இருந்தது பள்ளி அடையாள அட்டையில் இருந்த தபால்தலை அளவுப் படம் மட்டும். எங்கள் வீட்டில் அதுவும் இல்லை. கல்யாணப் படம் மழையில் கண்ணாடியோடு ஒட்டி அம்மாவின் முகம் அழிந்திருந்தது.

மறுநாள் காலை மாமா அப்பாவைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனார். உச்சி வெயிலில் திரும்பி வந்து, கேமராவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். கழுவத்தான் போகிறார் என்று செருப்பை மாட்டிக்கொண்டு நானும் நின்றேன். பெரியம்மா எதிர்வாசலில் இருந்து எழுந்து வந்தாள்.

"அக்கா, நீங்க சொல்றதுதான்" என்றார் மாமா அவளிடம்.

அவள் கேமராவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அம்மா போன பிறகு என் தலையை யாரும் சீவியிருக்கவில்லை. ஒரு பக்கச் சடை அவிழ்ந்து தொங்கியது.

"தொறந்துரு தம்பி" என்றாள்.

மாமா பின்மூடியைத் திறந்து ஃபிலிமை முழுக்க உருவி வெயிலில் விட்டார். ஓடிப்போய் அதைப் பொறுக்கி ஆகாயத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். மங்கலான ஒரே நிறம். அம்மாவைக் காணோம். மாமாவின் வயிற்றில் ஓங்கிக் குத்தினேன். அவர் தடுக்கவில்லை.

அப்பா சிறைக்குப் போகவில்லை. மண் சரிவு என்று எழுதி வழக்கை முடித்தார்கள். கால் கூடியதும் அதே ரோட்டில் மறுபடி ஜீப் ஓட்டினார். காய் எடுப்பு நாட்களில் பின்படியில் ஆட்கள் நின்றுகொண்டு போவதை நானே பார்த்திருக்கிறேன். மாமா அதற்குப் பிறகு கேமரா செய்யவில்லை. எங்கள் வீட்டிலும் அதிகம் தங்கவில்லை.

ஃபிலிம் உருவிய அன்று சாயங்காலம் பெரியம்மா சீப்போடு வந்தாள். என்னை இழுத்து முன்னால் உட்காரவைத்துச் சிக்கெடுத்தாள். "நீதான் தொறக்கச் சொன்ன, நீதான் எங்கம்மாவக் கொன்ன" என்று கத்திக்கொண்டே இருந்தேன். ஆனாலும் இரண்டு சடையும் போட்டு, ரிப்பன் கட்டிவிட்டுத்தான் எழுந்தாள்.

அந்தப் பெட்டிக்குள் அவளுடைய மகளும் இருந்தாள் என்பது எனக்கு அன்று தோன்றவே இல்லை.