குணலட்சுமி சமைக்கப் போன இடம்

சண்டிலிப்பாயில் கலியாணம் என்றாலும் செத்தவீட்டு அந்தியேட்டி என்றாலும் அடுப்படியில் குணலட்சுமி நிற்பாள். பெரிய கிடாரத்தில் சோறு வடிப்பதற்கு ஆம்பிளையைக் கூப்பிட மாட்டாள். கலியாணம் கட்டவில்லை. அவளுக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது, யுத்தத்தால் ஊரே எழும்பிய பெரிய இடப்பெயர்வில் தென்மராட்சிக்குப் போய்த் தங்கியிருந்த வீட்டின் மேல் ஷெல் விழுந்தது. தாய் அந்த இடத்திலேயே முடிந்துபோனாள். தகப்பன் அதற்கு முன்பே இல்லை. எரிக்க வழியில்லாமல் தாயைப் பின்வளவில் புதைத்துவிட்டு, மூன்று வயதுத் தம்பி சிவதர்ஷனைத் தூக்கி இடுப்பில் வைத்தவள், பிறகு அவனை இறக்கவேயில்லை என்று ஊரில் சொல்வார்கள்.

அவன் வளர்ந்து, படிப்பைப் பாதியில் விட்டு, மோட்டார் சைக்கிளில் திரியும் பெடியளோடு சேர்ந்தான். அந்தக் கூட்டம் எங்கே போகிறது, முதுகுப் பக்கம் சட்டைக்குள் எதைச் செருகிக்கொண்டு போகிறது என்பது ஊருக்குத் தெரியும். ஒரு நாள் அவனுடைய சட்டையில் இரத்தம் இருந்தது. விழுந்துபோனேன் என்றான். உடம்பில் ஒரு காயமும் இல்லை. அவள் ஒன்றும் கேட்காமல் அதைத் தோய்த்துக் காயப்போட்டாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு சின்னக் கிறிஸ்தவச் சபை இருக்கிறது. ஆவணி லீவு வந்தால் அந்தச் சபைக்காரர் ஒரு கிழமை யாழ்ப்பாண நகரத்துக்குப் போய் ஊழியம் செய்வார்கள். அரியாலைப் பக்கமாக, தண்டவாளத்துக்கு அருகில், மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் தகரக் கொட்டில்களில் இருந்தன. ஆண்கள் சாக்கடைக் கான் துப்புரவாக்கினார்கள், பழைய இரும்பு பொறுக்கினார்கள். பிள்ளைகளில் பாதிப்பேர் பள்ளிக்கூடப் பக்கமே போனதில்லை. சபைக்காரர் அந்தப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து, பாட்டுப் படிப்பித்து, மருந்து கட்டி, மத்தியானம் சாப்பாடு கொடுப்பார்கள். இதையெல்லாம் நடத்தியவர் கத்தரீனா மிஸ்ஸி. ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு வருடத்துக்கு முந்திய ஆவணியில் சமைக்கிற ஆள் காய்ச்சல் வருத்தமாகிப் படுத்துவிட, அவர் குணலட்சுமியிடம் வந்தார்.

குணலட்சுமி தயங்கினாள். நெற்றியில் திருநீறு பூசுகிறவள் சபையோடு போனால் ஊர் என்ன சொல்லும் என்று கேட்டாள்.

“நீ ஜெபிக்க வேண்டாம், பிள்ளை. சமைச்சுத் தந்தால் காணும்” என்றார் மிஸ்ஸி.

திருநீற்றோடேயே போனாள். முதல் நாள் ஒரு சின்னப் பெட்டை சோற்றைச் சாப்பிடாமல் சட்டைக்குள் ஒளித்து வைப்பதைக் கண்டு, ஏன் என்று விசாரித்தாள். இரவைக்குத் தம்பிக்கு என்றது பிள்ளை. மருதை என்ற இரும்பு பொறுக்குகிறவரின் மகள் அது. அடுத்த நாளிலிருந்து குணலட்சுமி இரவுக்கும் சேர்த்து உலை வைத்தாள்.

சிவதர்ஷனுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. வேதக்காரரோடு போகாதே, சனம் கதைக்கிறது என்று தினமும் புறுபுறுத்தான். நாலாம் நாள் காலையில் மட்டும் அவன் சத்தம் போடவில்லை. வாசலில் வந்து நின்று, இன்றைக்கு ஒரு நாள் வீட்டில் நில் அக்கா என்று மெதுவாகச் சொன்னான். அவள் அதையும் பழைய புறுபுறுப்பென்றே எண்ணி பஸ் ஏறிப் போய்விட்டாள்.

கொட்டில்கள் நின்ற காணி இராசநாயகம் என்பவருடையது. அதை விற்க அவருக்கு அவசரம். குடும்பங்களோ போக இடமில்லாமல் எழும்ப மறுத்தன. அங்கே மதம் மாற்றுகிறார்கள் என்று அவர் கொஞ்ச நாளாகச் சொல்லித் திரிந்ததன் காரணம் அன்று மத்தியானம் விளங்கியது.

தறப்பாள் பந்தலின் கீழ் பிள்ளைகள் சாப்பாட்டுக் கோப்பையோடு வரிசையாக இருந்தார்கள். பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. தண்டவாளப் பக்கமிருந்து மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. இறங்கியவர்கள் எல்லோரும் ஹெல்மெட் போட்டு, மூக்குக்குக் கீழே துணி கட்டியிருந்தார்கள். கையில் வாள்கள். ஒருவன் தறப்பாள் கயிற்றை வெட்ட, அது பிள்ளைகளின் மேல் சரிந்தது. இன்னொருவன் சோற்றுக் கிடாரத்தை உதைத்துப் புரட்டினான். தகரச் சுவர்களில் வாள் விழும் சத்தத்துக்கும் பிள்ளைகளின் அலறலுக்கும் நடுவில், சபைப் பாஸ்ரர் றஞ்சித் கையைக் கூப்பிக்கொண்டு முன்னுக்குப் போனார். வாளின் பின்பக்கத்தால் அவருடைய வாயில் அடித்தார்கள். இரத்தத்தோடு பல்லைத் துப்பிக்கொண்டு அவர் குந்திவிட்டார்.

சரிந்த தறப்பாளுக்குள் பிள்ளைகள் நெளிந்துகொண்டிருந்தார்கள். ஒருவன் வாளை ஓங்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தான். உள்ளே பிள்ளைகள் கிடப்பது அவனுக்குத் தெரிந்ததோ என்னவோ. மருதை ஓடிவந்து குறுக்கே நின்று இடது கையைத் தூக்கினார். வாள் இறங்கியது. கை மணிக்கட்டோடு அறுந்து மண்ணில் விழுந்தது. மருதை விழுந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவன் இரண்டாம் முறை ஓங்கினான்.

குணலட்சுமி வாளியைப் பருப்புக் கிடாரத்துக்குள் விட்டு அள்ளி, கொதிக்கக் கொதிக்கப் பருப்பை அவன் மேல் வீசினாள். அது கழுத்திலும் தோளிலும் போய் ஒட்டியது. வாள் நழுவியது. அவன் மண்ணில் உருண்டு கத்தினான்.

“அக்கா! அக்கா!”

அவள் வாளியைப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஹெல்மெட்டைக் கழற்றினாள். துணியை இழுத்தபோது தோலும் சேர்ந்து வந்தது. சிவதர்ஷன்தான்.

மற்றவர்கள் அவனை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிள்களில் ஏறிப் போய்விட்டார்கள். மிஸ்ஸி தன் சேலைத் தலைப்பைக் கிழித்து மருதையின் கையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் கொட்டில் ஆண்கள் இரும்புக் கம்பிகளோடு சிவதர்ஷனைச் சூழ்ந்துவிட்டார்கள். முதல் அடி அவன் காலில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. குணலட்சுமி அவன் மேல் குப்புற விழுந்து படுத்தாள். அடுத்த அடிகள் அவளுக்கு விழுந்தன. தோள்பட்டை உடைந்தும் அவள் எழும்பவில்லை.

நிறுத்தியவள் மருதையின் மனைவி பவளம். புருஷனின் இரத்தம் உடம்பெல்லாம் வழிய நடுவில் வந்து நின்றாள்.

“போதும் விடுங்க. அந்தம்மா இல்லாட்டி எம் புருஷன் செத்திருப்பாரு. அவங்கள அடிக்காதீங்க.”

கம்பிகள் கீழே இறங்கின. பொலிசார் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு வாட்டில் அவள், இன்னொரு வாட்டில் விலங்கு மாட்டியபடி தம்பி. வாக்குமூலம் எடுக்கப் பொலிசார் வருவதற்கு முன் அவனைப் பார்க்கப் போனாள். அவன் அழுதான். அவள் அங்கே இருப்பது தெரிந்துதான் காலையில் மறித்தானாம். கொட்டில்களை உடைத்து வெருட்டத்தான் வந்தார்களாம், வெட்ட நினைக்கவில்லையாம். பிறகு அவள் சேலையைப் பிடித்துக்கொண்டான்.

“அடுப்புச் சரிஞ்சு என்னிலை ஊத்துப்பட்டது எண்டு சொல்லு. நான் உன்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தனான் எண்டு சொல்லு, அக்கா.”

“அந்த மனிசன்ரை கை விழுந்ததை நான் பாத்தனான், தம்பி.”

“நீதானே என்னை வளர்த்தனி.”

“ஓம். அதுதான் சொல்லப் போறன்.”

பொலிசாரிடம் ஒன்றையும் விடாமல் சொன்னாள். காலையில் அவன் மறித்ததையும், முன்பு தோய்த்த இரத்தச் சட்டையையும்கூடச் சொன்னாள். வழக்கு நடந்த காலத்தில் அவனுடைய கூட்டாளிகள் அவள் வீட்டுக்கு வந்து யன்னல்களை உடைத்தார்கள். கறவை மாட்டைக் கட்டியிருந்த கட்டையிலேயே வெட்டிப் போட்டார்கள். சொந்தத் தம்பியைக் காட்டிக்கொடுத்தவள் என்று சனம் கலியாண வீடுகளுக்கு அவளைக் கூப்பிடாமல் விட்டது. அவர்களை ஏவிவிட்ட இராசநாயகத்தின் பெயரைச் சிவதர்ஷன் கடைசிவரை சொல்லவில்லை. அவர் நீதிமன்றப் படியே ஏறவில்லை. தம்பிக்குச் சிறைத்தண்டனை விதித்து மறியலில் போட்டார்கள்.

காணியும் விற்றுப்போனது. குடும்பங்கள் சிதறின, சிலர் மலைக்கே திரும்பினார்கள். ஒற்றைக் கையோடு இரும்பு பொறுக்க முடியாத மருதையைக் குணலட்சுமி குடும்பத்தோடு கூட்டிவந்து, தம்பிக்கென்று கட்டியிருந்த பக்கத்து அறையில் இருத்தினாள். மகள் இப்போது எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள்.

மறியலுக்கு அவள் மாதா மாதம் போனாள். முதலில் அவன் வெளியே வந்து முகம் காட்டவில்லை. பிறகு ஒரு நாள் வந்து கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றான். கழுத்துத் தோல் சுருங்கி, தலை ஒரு பக்கம் இழுபட்டிருந்தது.

“நான் எண்டு தெரிஞ்சிருந்தால் ஊத்தியிருப்பியோ?” என்று கேட்டான்.

“ஓம், ஊத்தியிருப்பன்” என்றாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அது உண்மையா என்று தனக்கே தெரியவில்லை என்று கூட வந்த மிஸ்ஸியிடம் சொல்லியிருக்கிறாள்.

வருகிற வருடம் அவன் வெளியே வருகிறான். எங்கே இருக்கப் போகிறான் என்று மிஸ்ஸி அவளிடம் கேட்டார்.

“வரட்டும். முதல்லை மருதை அண்ணையோடை கதைக்கட்டும்” என்றாள்.

முற்றத்தில் இருந்த மருதைக்கு அது கேட்டிருக்கும்.