ரதிக்கு மீசை மழித்த வருஷம்

ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் அத்தனை சனத்துக்கு நடுவே ஒருவன் என்னைப் பார்த்து, "ஏய் பொண்டாட்டி!" என்று கத்துவான். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். பக்கத்தில் நிற்கிற அப்பாவோ வாய்கொள்ளாமல் சிரிப்பார்.

டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் நாங்கள் கீழ் லயம், அவன் வீடு மேல் லயம். தண்ணீர் பிடிக்கும் பீலியில் யார் குடத்தை முதலில் வைப்பது என்று தொடங்கிய சண்டை. அவன் விறகுக்கட்டையால் அப்பாவின் நெற்றியைப் பிளந்தான். என் சித்தப்பா அவன் கையை முறித்தார். பொலிஸில் சமாதானம் பேசி அனுப்பினார்கள். வாசலைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் காறித் துப்பிவிட்டுத்தான் வந்தோம்.

இதில் மாசி மாதக் காமன் கூத்து வந்து தொலைத்தது. ரதி வேஷம் எங்கள் வீட்டுக்கு, காமன் வேஷம் அவர்கள் வீட்டுக்கு. தாத்தா காலத்து வழக்கம். விட்டுக்கொடுத்தால் மானம் போய்விடும் என்று இரண்டு வீடும் பிடிவாதம் பிடித்தது. ஆசையாய் வளர்த்த மீசையை மழித்து நான் ரதியானேன். காமன், முறிந்த கை கூடி வந்த அவனேதான். இருவரும் காப்புக் கட்டி விரதம் இருந்தோம்.

ரதிக்கும் காமனுக்கும் கல்யாணம் நடக்கும்போது இரண்டு வீட்டு அப்பாக்களும் சம்பந்திகளாக நின்று தட்டு மாற்ற வேண்டும். அப்பா தட்டோடு வந்தார். வேட்டி மடிப்பில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி இருந்ததை நான் பார்த்துவிட்டேன். ஐயோ, இன்றைக்கு ஒரு கொலை விழும், அப்பா ஜெயிலுக்குப் போவார் என்று அவர் பக்கமாய் நகர்ந்து நின்றேன்.

தட்டு மாறும் நேரம், அவனுடைய சித்தப்பா, "தேங்கா அழுகல் போல இருக்கே, ஆளுகள மாதிரியே" என்றார்.

அப்பாவின் கை மடிப்புக்குப் போனது. மேல் லயத்து ஆட்கள் கட்டையைத் தூக்கினார்கள். நான் பாய்ந்து அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். நான் உடுத்தியிருந்த அத்தையின் சேலை காலைத் தடுக்க, சவுரிமுடி கழன்று மண்ணில் விழுந்தது.

காமன் கரும்பு வில்லோடு ஓடி வந்தான். தொலைந்தேன் என்று கண்ணை மூடினேன். அவன் என் முன்னால் நின்று தன் ஆட்களைப் பார்த்துக் கத்தினான்:

"சித்தப்பா, கட்டைய கீழ போடுங்க! காப்புக் கட்டியிருக்கேன். ரதி மேல கை பட்டுச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன். அது என் பொண்டாட்டி!"

சேலையும் சவுரி கழன்ற கிராப்புத் தலையுமாய் விழி பிதுங்கி நின்ற என்னைப் பார்த்துத் தோட்டமே வெடித்துச் சிரித்தது. வீடியோ எடுத்தவனின் போன் கையை விட்டு விழுந்தது. கட்டையோடு நின்றவர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். அந்தச் சிரிப்பில் நான் கத்தியை உருவி என் சேலைக்குள் செருகிக்கொண்டேன். அப்பா பார்த்தார்.

பிறகு குனிந்து, தட்டிலிருந்து உருண்டு கிடந்த தேங்காயை எடுத்துத் துடைத்து, அவன் அப்பாவிடம் நீட்டினார். "புடிங்க சம்பந்தி."

மறுநாள் காலை பீலிக்கு அம்மா போனபோது, மேல் லயத்து அக்கா தன் குடத்தை நகர்த்தி வைத்து, "நீங்க புடிங்க, பொண்ணு வீட்டுக்காரங்க" என்றாராம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்து, கடைசியில் அழுதேவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் இன்றும் நான் அவனைத் திட்ட வாயெடுப்பேன். நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே அப்பா அதட்டுவார்: "டேய், மாப்பிள்ளைய மரியாதையா பேசுடா."