அப்பாவுக்குத் தெரிந்த ஜெர்மன் சொல்

முருகலட்சுமி முதல் தடவை ஜெர்மன் தேர்வில் தோற்றது ஒரு கக்கூஸால்தான். சென்னையில், ஏசி போட்ட அறையில், எதிரே உட்கார்ந்திருந்த ஜெர்மன்காரம்மா நோயாளியாக நடித்தார். இவள் நர்ஸ். கக்கூஸுக்குப் போக வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. பெண்பால் சொல்லுக்கு முன்னால் 'டீ' போட வேண்டிய இடத்தில் ஆண்பாலுக்குப் போடுகிற 'டேர்' போட்டுக் கேட்டுவிட்டாள். அந்தம்மா பேனாவைக் கையில் எடுத்தார். அதைப் பார்த்ததும் இவளுக்கு மிச்சமிருந்த ஜெர்மனும் மறந்துவிட்டது.

மேசை ஆண்பால், கதவு பெண்பால், பெண்பிள்ளை மட்டும் இரண்டும் இல்லை என்று சொல்கிற மொழி அது. அதை எவன் உட்கார்ந்து யோசித்தான் என்று அவள் திட்டாத நாள் கிடையாது. கோயம்புத்தூரிலிருந்து போன் வழியாகப் பாடம் நடத்தும் ஆனந்தகுமார் சார் சிரிப்பார். "டுவாலெட்டெங்கிறது பிரெஞ்சுக்காரங்ககிட்டேருந்து வந்த சொல்லும்மா. அங்கயும் பெண்பால்தான், இங்கயும் பெண்பால்தான். 'எட்டெ'ன்னு முடிஞ்சா கண்ணை மூடிக்கிட்டு 'டீ' போடு. ஆனா உள்ளே இருக்காங்கன்னு சொல்றப்ப மட்டும் அந்த 'டீ' 'டேர்' ஆயிரும்." இரண்டாவது தேர்வு சித்திரையில். அதிலும் தோற்றால் ஜெர்மனியில் பார்த்து வைத்திருக்கும் முதியோர் இல்லத்து வேலை வேறு யாருக்காவது போய்விடும்.

திருச்சுழியிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது அவள் ஊர். அருப்புக்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆறு வருஷமாக வேலை. அம்மா போய் ஒன்பது வருஷமாகிறது. தம்பி பாண்டீஸ்வரன் பெண்டாட்டியோடு திருப்பூரில். வீட்டில் அவளும் அப்பா ஆண்டிச்சாமியும்தான். போன புரட்டாசியில் பருத்தி விதைக்கப் போன மனுஷனைக் கரிசலிலிருந்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் தப்பித்தது. முருகலட்சுமி ஆஸ்பத்திரியில் லீவு சொல்லிவிட்டு வீட்டோடு இருந்தாள்.

அரசாங்கம் கட்டிக் கொடுத்த கக்கூஸ் முற்றத்து மூலையில் இருந்தது. அதில் விறகுக்குக் கட்டிவைத்த பருத்திமாரும் உரச்சாக்கும் அடைந்து கிடந்தன. ஆண்டிச்சாமி அறுபத்தாறு வருஷமாகக் கண்மாய்க்கரைக் கருவேலமரத்துக்குப் பின்னால் போய் வந்தவர். போகிறேன் என்று பெண்பிள்ளைகள் காதில் விழ ஒருநாளும் சொன்னதில்லை. செம்பை எடுப்பார், ஒரு இருமல் இருமுவார், போய்விடுவார். அந்த மனுஷன் இப்போது மகளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். முருகலட்சுமி பருத்திமாரை அள்ளிக் கொட்டி, உட்காரும் பீங்கான் வாங்கிப் போட்டு, பிடித்துக்கொள்ளக் கம்பியும் அடித்துவிட்டாள். அவர் கூப்பிடவில்லை. கட்டிலிலேயே நனைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். துணியை மாற்றப் போனால் வாயில் வராத வார்த்தையெல்லாம் வந்தது. திட்டி முடித்துவிட்டு அழுதார்.

மார்கழியில் ஒரு சாயங்காலம், கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பாடத்தை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். "ம்யூஸன் ஸீ அவுஃப் டீ டுவாலெட்டெ?"

"என்ன தாயி அது, ஓயாம அதையே சொல்ற?"

சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தாள். பிறகு அர்த்தத்தையும் அந்தப் பெண்பால் கணக்கையும் சொல்லிவிட்டாள்.

"கக்கூசு பொம்பளையா?"

"ஆமாப்பா. போறப்ப 'டீ'. உள்ள இருக்கறப்ப 'டேர்'."

"ஏன், உள்ள போனதும் ஆம்பளையாயிருமா?" ஆண்டிச்சாமி சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அதுதான் முதல் சிரிப்பு. கோணிப்போன வாயோடு அவர் சிரித்ததைப் பார்த்து அவளும் சிரித்துவிட்டாள்.

மறுநாள் காலையில் கட்டிலிலிருந்து ஒரு இருமல் கேட்டது. அதன் பின்னால், "டுவாலெட்டெ."

அடுப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். தமிழில் வாய்விட்டுச் சொல்ல முடியாததை அந்த ஊர்ப் பேச்சில் அவரால் சொல்ல முடிந்தது. அதில் அவருக்குக் கூச்சம் இல்லை, கௌரவம் இல்லை, பங்காளிகள் இல்லை. அன்றிலிருந்து கட்டில் நனையவில்லை. கம்பியைப் பிடித்து உட்கார்ந்துகொண்டு, "இப்ப 'டீ'யா 'டேரா', சொல்லு பாப்போம்" என்று உள்ளேயிருந்து பரீட்சை வேறு வைப்பார். சார் நடத்தி ஏறாத இலக்கணம் அந்தத் தகரக் கதவுக்கு வெளியே நின்று அவளுக்கு ஏறியது.

சித்திரை வந்தது. சென்னைக்குப் போய்த் திரும்ப மூன்று நாள். அவள் ஜெர்மனி போய்விட்டால் அப்பா திருப்பூரில் தம்பி வீட்டில்தான் இருந்தாக வேண்டும். அதனால், இப்போதே பழகிக்கொள்ளட்டும் என்று, இந்த மூன்று நாளைத் தம்பி பெண்டாட்டி தங்கச்செல்வி வந்து பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. நல்ல பிள்ளை, மாமனார் இருக்கும் இடத்தில் உட்காரக்கூட மாட்டாள். பக்கத்து வீட்டுச் சோலையை வரச் சொல்லலாமா என்று கேட்டதற்கு ஆண்டிச்சாமி கொதித்துவிட்டார். "பங்காளிகிட்டப் போயி வேட்டிய அவுத்துக்கிட்டு நிக்கவா? மூணு நாளுதான? நான் சமாளிச்சுக்கிருவேன். என்னால நீ தேங்கிப் போகாத. பாஸாயிட்டு வா."

கிளம்பும்போது தங்கச்செல்வியைத் தனியாகக் கூப்பிட்டாள். "அவரா கேக்க மாட்டாரு தங்கம். நீதான் கேக்கணும். ஒரு சொல்லு இருக்கு, அதச் சொன்னா வெக்கப்பட மாட்டாரு."

சொல்லைக் கேட்டதும் தங்கச்செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ மதினி, மாமாகிட்ட நான் எப்பிடிக் கேப்பேன்? அவுக கூப்பிட்டா ஓடி வாரேன்." இன்னொரு தடவை சொல்லிப் புரியவைத்திருக்கலாம். அதற்குள் பஸ்ஸு வந்துவிட்டது.

இந்தத் தடவை அந்த ஜெர்மன்காரம்மா தண்ணீர் குடிக்க மறுக்கும் கிழவியாக நடித்தார். தம்ளரைத் தள்ளித் தள்ளி விட்டார். ஏன் என்று நர்ஸ் கண்டுபிடிக்க வேண்டும். முருகலட்சுமி அவசரப்படவில்லை. நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள். அடிக்கடி கக்கூஸுக்குப் போக வேண்டியிருக்கும் என்றுதானே குடிக்க மாட்டேன் என்கிறீர்கள்? என்னைக் கூப்பிட வெட்கமா? 'டீ' சரியான இடத்தில் விழுந்தது. அந்தம்மா சிரித்தபடி தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

வெளியே வந்து வீட்டுக்குப் போன் போட்டாள். "மாமா நல்லா இருக்காக மதினி. ஒரு தொந்தரவும் இல்ல. ஒருவாட்டிகூடக் கூப்பிடல, துணியும் காஞ்சே இருக்கு" என்றாள் தங்கச்செல்வி. முருகலட்சுமிக்கு நிம்மதியாக இருந்தது. வரும்போது தேங்காய் பன் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பத்து மணி வெயிலில் வீட்டுக்குள் நுழைந்தவள் கண்ணில் முதலில் பட்டது கட்டிலடியில் இருந்த செம்பு. வாய்வரை தண்ணீர். மேலே புழுதி படிந்திருந்தது. ஆண்டிச்சாமியின் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டாள், கிள்ளிய இடம் அப்படியே நின்றது. "பாஸா?" என்றார். குரல் வரவில்லை, வாயசைவுதான்.

"சோறும் ரெண்டு வாய்தான் மதினி. வேணாம் வேணாம்னாக. வயசானவுகன்னு விட்டுட்டேன்" என்றாள் தங்கச்செல்வி. அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

அருப்புக்கோட்டையில் பார்த்துவிட்டு மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். இரண்டு கிட்னியும் நின்றுவிட்டன. ஆஸ்பத்திரியில் குழாய் போட்டு, பை மாட்டினார்கள். அந்தப் பையை அவள் பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் குனிந்து பார்த்தாள். ஒரு சொட்டு விழவில்லை. ஆறாம் நாள் ஆண்டிச்சாமி போய்ச் சேர்ந்தார்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் பந்தி நடந்துகொண்டிருக்கும்போது போனில் தேர்வு முடிவு வந்தது. பாஸ். பாண்டீஸ்வரன்தான் வாங்கிப் படித்துச் சொன்னான். தங்கச்செல்வி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள். "நீங்க சொன்னபடி நான் கேட்டிருக்கணும் மதினி."

"நீ கேக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும் தங்கம். தெரிஞ்சுதான் பஸ்ஸு ஏறினேன்."

போனைத் தம்பியிடமிருந்து வாங்கிப் பார்த்தாள். பகுதி பகுதியாக மதிப்பெண் போட்டிருந்தார்கள். எழுத்தில் குறைவு, கேட்டு எழுதுவதில் இன்னும் குறைவு. தண்ணீர் குடிக்காத நோயாளியோடு பேசியதற்கு மட்டும் முழு மதிப்பெண்.